வீட்டு மெயில் சர்வர்: கரண்ட் போய் வந்ததிலிருந்து எந்த டொமைனும் கிடைக்கவில்லை (போஸ்ட்ஃபிக்ஸ், அன்பவுண்ட்)

#1 · நொய்யல்கரை

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் வீட்டிலேயே மெயில் சர்வர் ஓட்டுகிறேன். பழைய மினி பிசி, டெபியன் 12 லினக்ஸ், மெயிலை அனுப்பவும் வாங்கவும் போஸ்ட்ஃபிக்ஸ், வந்ததைப் படிக்க டவ்காட். ஃபைபர் லைனில் ஸ்டாட்டிக் ஐபி வாங்கி, மெயிலுக்கான 25-ஆம் போர்ட்டைத் திறக்கச் சொல்லி, ஐபிக்கு உரிய பெயரைக் காட்டும் பிடிஆர் ரெக்கார்டும் போட்டு வைத்திருக்கிறேன். அப்பாவின் பென்ஷன் சம்பந்தப்பட்ட மெயில் முதற்கொண்டு வீட்டில் எல்லோருக்கும் இதில்தான் வருகிறது.

நேற்று ராத்திரி ரொம்ப நேரம் கரண்ட் இல்லை. யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து எல்லாம் அணைந்துவிட்டது. கரண்ட் வந்ததும் எல்லாப் பெட்டிகளும் தானாகவே கிளம்பின. ஆனால் மெயில் போகவும் இல்லை, வரவும் இல்லை. அனுப்புவது இப்படி நிற்கிறது:

ஸ்டேட்டஸ்=டிஃபர்டு, நேம் சர்வீஸ் எரர் ஃபார் நேம்=ஜிமெயில்.காம் டைப்=எம்எக்ஸ்: ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட், ட்ரை அகெய்ன்

வெளியிலிருந்து வருவதை நம் சர்வரே இப்படித் திருப்பி அனுப்புகிறது:

450 4.7.25 கிளையன்ட் ஹோஸ்ட் ரிஜெக்டட்: கேனாட் ஃபைண்ட் யுவர் ஹோஸ்ட்நேம்

சர்வரிலிருந்து 8.8.8.8-க்கு (கூகுளின் டிஎன்எஸ் சர்வர்) பிங் போகிறது. வீட்டில் போன், டிவி எல்லாவற்றிலும் நெட் ஒழுங்காக இருக்கிறது. கான்ஃபிக் ஃபைல் எதையும் சமீபத்தில் தொடவில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

#2 · தபால்வண்டி

எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேக்கணும்னு சொல்ற ரிசால்வ்.கான்ஃப் ஃபைலைத் திறந்து நேம்சர்வர் 8.8.8.8 என்று போட்டு போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க சார். அஞ்சு நிமிஷ வேலை.

#3 · கணினிக்காரி

நொய்யல்கரை சார், #2-இல் சொன்னதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். தம்பி தபால்வண்டி சொன்னது சாதாரண பிசிக்குச் சரி. மெயில் சர்வரில் அதைச் செய்தால் இப்போதைய நிலையைவிட மோசமாகிவிடும்.

போஸ்ட்ஃபிக்ஸின் கான்ஃபிக் ஃபைலான மெயின்.சிஎஃப்-இல், ஸ்பாம்ஹாஸ் ஜென் பட்டியலை (ஸ்பாம் அனுப்பும் ஐபிகளின் கறுப்புப் பட்டியல்) பார்த்து மறுக்கும் வரி அநேகமாக இருக்கும். கூகுள், கிளவுட்ஃபிளேர் மாதிரியான பொது ரிசால்வர்கள் (டிஎன்எஸ்ஸில் பெயருக்கு உரிய பதிலைத் தேடித் தரும் சர்வர்கள்) வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் உண்மையான பதிலைத் தருவதில்லை. 127.255.255.254 என்று ஒரு பதில் வரும். ‘பொது ரிசால்வர் வழியாகக் கேட்கிறாய்’ என்பதற்கான எச்சரிக்கைக் குறி அது. போஸ்ட்ஃபிக்ஸில் வெறும் பட்டியல் பெயரை மட்டும் எழுதியிருந்தால், ஏதோ ஒரு பதில் வந்தாலே ‘இந்த ஐபி கறுப்புப் பட்டியலில் இருக்கிறது’ என்று அது எடுத்துக்கொள்ளும். வருகிற மெயில் அத்தனைக்கும் 554 கொடுத்து மறுத்துவிடும்.

இப்போது நீங்கள் கொடுத்துக்கொண்டிருப்பது 450. அது தற்காலிக மறுப்பு. அனுப்புகிறவர்களின் சர்வர் மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும், எதுவும் தொலையாது. 554 என்றால் அந்த நிமிடமே அனுப்பியவருக்கு பவுன்ஸ் ஆகிவிடும், திரும்ப வராது. அவசரத்தில் இந்த மாற்றத்தைச் செய்து ஒரு நாள் மெயிலை முழுக்க இழந்த இடங்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

எப்படியானாலும் அந்த வரியை இன்றே இப்படி மாற்றி வையுங்கள்: பட்டியல் பெயருக்குப் பின்னால் =127.0.0.[2..11] என்று சேர்த்தால் உண்மையான பட்டியல் பதிலுக்கு மட்டுமே மறுக்கும்.

இனி உங்கள் பிரச்சினை. லாக்கில் கடைசியில் ‘ட்ரை அகெய்ன்’ இருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பெயரே கிடையாது என்று பதில் வந்திருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் காத்திருக்காமல் பவுன்ஸ் செய்திருக்கும். ட்ரை அகெய்ன் வந்தால், ரிசால்வர் பதிலே சொல்லவில்லை, அல்லது செர்வ்ஃபெயில் (‘என்னால் பதில் தர முடியவில்லை’) சொல்லியிருக்கிறது. இரண்டில் எது என்று தெரிந்தால் பாதி தூரம் வந்துவிடலாம். டிக் என்பது டிஎன்எஸ்ஸிடம் கேட்டுப் பார்க்கும் கட்டளை, எம்எக்ஸ் என்பது ஒரு டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவு. சர்வரில் இந்த இரண்டையும் அடித்து, வருவதை அப்படியே இங்கே போடுங்கள்:

டிக் ஜிமெயில்.காம் எம்எக்ஸ்
டிக் @8.8.8.8 ஜிமெயில்.காம் எம்எக்ஸ்

ஸ்டேட்டஸ் என்ற சொல்லும், கடைசியில் வரும் சர்வர் வரியும் முக்கியம்.

#4 · நொய்யல்கரை

நன்றி மேடம். ஸ்பாம்ஹாஸ் வரி நீங்கள் சொன்ன மாதிரி வெறுமையாகத்தான் இருந்தது, மாற்றிவிட்டேன்.

முதலாவது: ஸ்டேட்டஸ்: செர்வ்ஃபெயில். சர்வர்: 192.168.1.5
இரண்டாவது: ஸ்டேட்டஸ்: நோஎரர். ஜிமெயிலின் ஐந்து எம்எக்ஸும் வந்தன.

192.168.1.5 என்பது ஒரு ராஸ்பெர்ரி பை 3, சின்ன போர்டு கணினி. அதில் அன்பவுண்ட் என்ற ரிசால்வர் மட்டும்தான் ஓடுகிறது. மெயில் சர்வருக்கென்றே வைத்தது. போன்கள் எல்லாம் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்துகின்றன, அதனால்தான் அவற்றில் பிரச்சினை தெரியவில்லை போல.

#5 · வைகைலினக்ஸ்

இடையில் ஒன்று. டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் எஸ்எம்டிபி புரோசஸ் (மெயில் அனுப்பும் பகுதி) சிரூட்டுக்குள், அதாவது ஒரு தனி அடைவுக்குள் அடைபட்டு ஓடும். அது படிப்பது ஈடிசி-யில் இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் இல்லை, வார் ஸ்பூல் போஸ்ட்ஃபிக்ஸ் ஈடிசி என்ற அடைவில் இருக்கும் நகலை. போஸ்ட்ஃபிக்ஸ் கிளம்பும்போது நகல் எடுக்கப்படுகிறது. கரண்ட் வந்து நெட்வொர்க் எழுவதற்கு முன்னாலேயே போஸ்ட்ஃபிக்ஸ் எழுந்துவிட்டால் காலியான ஃபைல் நகலாகி, டிக் அடித்தால் சரியாக வரும், மெயில் மட்டும் போகாது. இரண்டு ஃபைலையும் டிஃப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள் நண்பரே.

#6 · கணினிக்காரி

வைகை சொல்வது நிஜமாகவே அடிக்கடி நடக்கிற கோளாறுதான். ஆனால் இங்கே டிக்குக்கே செர்வ்ஃபெயில் வருகிறது. டிக் போஸ்ட்ஃபிக்ஸின் நகலைப் படிப்பதில்லை. ஆகவே கோளாறு 192.168.1.5-க்கு உள்ளே, அல்லது அதற்கு அப்பால்.

அன்பவுண்ட் டிஎன்எஸ்செக் சரிபார்ப்போடுதான் (டிஎன்எஸ் பதிலில் உள்ள டிஜிட்டல் கையொப்பம் சரிதானா என்று பார்ப்பது) ஓடும், டெபியனில் நிறுவும்போதே அப்படித்தான் வரும். சரிபார்ப்பு தோற்றாலும் செர்வ்ஃபெயில், வெளியே போக முடியாவிட்டாலும் செர்வ்ஃபெயில். பிரித்துப் பார்க்க எளிய வழி:

டிக் @192.168.1.5 ஜிமெயில்.காம் எம்எக்ஸ் +சிடி

‘சரிபார்க்காமல் கிடைத்ததைக் கொடு’ என்று கேட்கிறோம். கூடவே டேட் என்று அடித்து நேரத்தையும் போடுங்கள்.

#7 · நொய்யல்கரை

வைகை சார், இரண்டு ஃபைலும் ஒன்றுதான், வித்தியாசம் இல்லை.

+சிடி போட்டதும் நோஎரர்! ஐந்து எம்எக்ஸும் வந்துவிட்டன. நேரம்: 2025 ஆகஸ்ட் 21, காலை 9.42. சரியான நேரம்தான்.

#8 · கணினிக்காரி

அப்படியென்றால் ராஸ்பெர்ரி பையிலிருந்து வெளியுலகத்துக்கு வழி இருக்கிறது, பதிலும் வருகிறது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் இடத்தில்தான் தோற்கிறது.

டேட் எந்தப் பெட்டியில் அடித்தீர்கள்? மினி பிசியிலா, பையிலா? சரிபார்ப்பது பை. அதன் கடிகாரம்தான் வேண்டும்.

#9 · நொய்யல்கரை

மினி பிசியில் அடித்தேன். இப்போது பைக்குள் எஸ்எஸ்ஹெச் போட்டுப் பார்த்தேன்:

2025 ஜனவரி 5, இரவு 11.58

அன்பவுண்ட் லாக்கிலும் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது:

ஃபெயில்ட் டு பிரைம் ட்ரஸ்ட் ஆங்கர், டிஎன்எஸ்கீ ஆர்ஆர்செட் இஸ் நாட் செக்யூர்

ஆனால் பையில் நெட்டிலிருந்து நேரம் எடுக்கும் டைம்சிங்க்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? நெட் வந்ததும் நேரத்தைச் சரிசெய்திருக்க வேண்டாமா?

#10 · கணினிக்காரி

கோளாறு இதுதான். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பை வைத்து ரிசால்வர் ஓட்டுகிற எல்லோருக்கும் இது என்றைக்காவது வரும்.

டிஎன்எஸ்செக் கையொப்பம் ஒவ்வொன்றிலும் இரண்டு தேதிகள் உண்டு. எப்போதிலிருந்து செல்லும், எப்போது காலாவதி ஆகும். டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருப்பது ரூட். அதன் டிஎன்எஸ்கீ-க்கான (சரிபார்க்கும் திறவு) கையொப்பம் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. இன்றைக்கு ரூட் சர்வர்கள் தருவது ஆகஸ்ட் மாதக் கையொப்பம். உங்கள் பையின் கணக்கில் இன்னும் ஜனவரி. ‘இது இன்னும் தொடங்கவே இல்லை’ என்று அன்பவுண்ட் தள்ளிவிடுகிறது. ரூட்டையே நம்ப முடியாவிட்டால் கீழே காம், இன், ஆர்க் எதையும் நம்ப வழியில்லை. ஜிமெயில்.காம் கையொப்பமிடாத டொமைன்தான். ஆனாலும் ‘இது கையொப்பமிடாத டொமைன்’ என்பதற்கான சான்றைக் கையொப்பமிட்டுத் தருவது காம். அதனால் அதுவும் விழுகிறது. ஓரிரு மணி நேரம் முன்பின் இருந்தால் அன்பவுண்ட் பொறுத்துக்கொள்ளும். கையொப்பத்தின் ஆயுளில் பத்தில் ஒரு பங்கு, குறைந்தது ஒரு மணி நேரம், அதிகபட்சம் ஒரு நாள் என்பது அதன் இயல்பான சலுகை. ஏழு மாதத்துக்குச் சலுகை இல்லை.

இனி உங்கள் கேள்வி. டைம்சிங்க்டி நேரம் கேட்கப் போவது டெபியன்.பூல்.என்டிபி.ஆர்க் என்ற பெயரிடம். அந்தப் பெயருக்கு ஐபி வேண்டும். பையின் ரிசால்வ்.கான்ஃபில் 127.0.0.1 தானே இருக்கும்? அதாவது அதே அன்பவுண்ட். நேரம் தப்பாக இருப்பதால் அன்பவுண்ட் பதில் தராது. பதில் இல்லாததால் நேரம் திருந்தாது. தானாக இந்த முடிச்சு அவிழவே அவிழாது, எத்தனை நாள் விட்டாலும்.

பை 3-க்குள் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. பை 5-இல்தான் முதன்முதலாக போர்டிலேயே வந்தது, அதற்கும் பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். மினி பிசியில் மதர்போர்டு பேட்டரி இருப்பதால் அதன் நேரம் பிசகவில்லை.

இப்போதைக்கு, பையில் டேட் -எஸ் கொடுத்து நேரத்தைக் கையால் வைத்து அன்பவுண்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு மினி பிசியில் போஸ்ட்கியூ -எஃப் அடியுங்கள், தேங்கி நிற்கும் மெயிலை உடனே அனுப்பப் பார்க்கும்.

#11 · தபால்வண்டி

அக்கா, ஸ்பாம்ஹாஸ் விஷயம் எனக்கு இத்தனை நாள் தெரியாது, நல்லவேளை தடுத்தீங்க. ஆனா ஒரு இடம் இடிக்குது. பையில ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் இருக்குமே. மணிக்கு ஒரு தடவை நேரத்தை கார்டுல எழுதி வைக்கும். அப்போ கரண்ட் போன ராத்திரி நேரத்துல இருந்துதானே கிளம்பணும்? சில மணி நேரம்தான் பின்தங்கும், அன்பவுண்ட் பொறுத்துக்கும். எப்படி ஜனவரிக்குப் போச்சு?

#12 · நொய்யல்கரை

தபால்வண்டி சார், சரியான கேள்வி. எஸ்டி கார்டு கெட்டுப்போகாமல் இருக்க ராஸ்பி-கான்ஃபிகில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். எழுதுவதெல்லாம் ராமுக்குத்தான் போகும், கார்டில் எதுவும் பதியாது. ஓவர்லே போட்டது ஜனவரி 5 ராத்திரிதான். பை கிளம்பியதும் அந்தத் தேதியைத்தான் எடுத்திருக்கிறது. இடையில் யுபிஎஸ் தாங்கியதால் அதற்குப் பிறகு பை ரீபூட் ஆகவே இல்லை.

நேரத்தை வைத்தேன், அன்பவுண்டை ரீஸ்டார்ட் செய்தேன். டிக் உடனே நோஎரர். போஸ்ட்கியூ -எஃப் அடித்த கையோடு கியூவில் இருந்தது எல்லாம் போய்விட்டது. உள்ளே வருவது மட்டும் இன்னும் மெதுவாக இருக்கிறது, ஒன்றிரண்டுதான் வந்திருக்கின்றன.

#13 · கணினிக்காரி

உள்ளே வருவதை நீங்கள் வேகப்படுத்த முடியாது. எதிர்ப்பக்கத்து சர்வர் தன் கணக்கில்தான் திரும்ப முயலும், தோற்கத் தோற்க இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்புநிலையில் 300 நொடியில் தொடங்கி 4000 நொடி வரை போகும், மொத்தம் ஐந்து நாள் வைத்திருக்கும். சாயங்காலத்துக்குள் அநேகமாக எல்லாம் வந்துவிடும்.

#14 · வைகைலினக்ஸ்

நிரந்தரத் தீர்வுக்கு என் ஓட்டு டிஎஸ்3231 என்ற பேட்டரிக் கடிகார மாட்யூலுக்கு. பின் 1-இல் 3.3 வோல்ட், 3-இல் எஸ்டிஏ, 5-இல் எஸ்சிஎல், 9-இல் கிரவுண்ட். கான்ஃபிக்.டெக்ஸ்ட்டில் ஐ2சி-ஆர்டிசி ஓவர்லே வரி ஒன்று. ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக்கை நீக்கிவிடுங்கள்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல நிற போர்டில் ஒரு ஆபத்து இருக்கிறது. ரீசார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032 பேட்டரிக்கென்று அதில் சார்ஜிங் சர்க்யூட் வைத்திருப்பார்கள். அதில் சாதாரண சிஆர்2032 போட்டு 5 வோல்ட் கொடுத்தால் ரீசார்ஜ் ஆகாத பேட்டரிக்குள் சார்ஜ் ஏறும், உப்பிவிடும். அதனால்தான் 3.3 வோல்ட் பின்னை அழுத்திச் சொல்கிறேன். அந்த சர்க்யூட்டில் இருக்கும் டையோடைக் கழற்றிவிட்டால் இன்னும் நிம்மதி.

#15 · கணினிக்காரி

மாட்யூல் நல்லதுதான். ஆனால் நொய்யல்கரை சாரிடம் பேட்டரிக் கடிகாரம் உள்ள பெட்டி ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, மினி பிசி. அதில் மற்றப் பெட்டிகளுக்கு நேரம் சொல்லும் குரோனியைப் போட்டு, வீட்டு நெட்வொர்க்குக்கு அனுமதி வரியும், லோக்கல் ஸ்ட்ராட்டம் 10 என்ற வரியும் சேருங்கள். வெளியே யாரிடமும் நேரம் கேட்க முடியாத நிலையிலும் தன் சொந்தக் கடிகாரத்தை வைத்துப் பைக்கு நேரம் சொல்லும். பையின் டைம்சிங்க்டி கான்ஃபிகில் என்டிபி என்ற இடத்தில் மினி பிசியின் ஐபியை எழுதிவிடுங்கள். பெயர் வேண்டாம், ஐபி. பெயர் கேட்காமலே நேரம் வந்துவிடும், முடிச்சு விழாது.

அன்பவுண்டில் டொமைன்-இன்செக்யூர் வரியில் என்டிபி.ஆர்க் என்று போடுவதும் பலர் செய்வது. அந்த ஒரு டொமைனுக்கு மட்டும் சரிபார்ப்பு இருக்காது. ஒரே பெட்டிக்காரர்களுக்கு அது போதும். சரிபார்ப்பையே மொத்தமாக நிறுத்திவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மெயில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பதே எம்எக்ஸ் பதில்தான். அதை யாராவது மாற்றிக் கொடுத்தால் உங்கள் அப்பாவின் கடிதம் இன்னொருவர் சர்வருக்குப் போகும்.

#16 · பனங்கூடல்

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்தில இருந்து. என்ட வீட்டிலயும் அன்பவுண்ட்தான், பழைய லேப்டாப்பில. நேரம் சரி, பாத்திட்டன். +சிடி போட்டா பதில் வருது, இல்லாட்டி செர்வ்ஃபெயில். போன மாசம் இணைப்பு மாத்தின பிறகுதான் இப்பிடி. என்னவா இருக்கும்?

#17 · கணினிக்காரி

தம்பி, இதை அடித்துப் பாருங்கள்:

டிக் @192.0.2.1 ஜிமெயில்.காம் எம்எக்ஸ்

192.0.2 வரிசை ஆவணங்களில் உதாரணம் காட்டவென்றே ஒதுக்கியது. அங்கே எந்த சர்வரும் இருக்க முடியாது. டைம்அவுட் ஆவதுதான் முறை.

#18 · பனங்கூடல்

பதில் வந்திட்டுது அக்கா, அஞ்சு எம்எக்ஸும்!

#19 · கணினிக்காரி

அப்படியென்றால் டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டில் நீங்கள் யாரிடம் கேட்டாலும் வழியில் ஒருவர் மறித்துத் தானே பதில் சொல்கிறார். ரவுட்டராகவும் இருக்கலாம், இணைப்புத் தருகிறவராகவும் இருக்கலாம். அன்பவுண்ட் ரூட் சர்வரிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது, பேசுவது வேறொருவரிடம். அவர் கையொப்பங்களை ஒழுங்காகக் கொண்டுவந்து தராததால் சரிபார்ப்பு விழுகிறது.

முதலில் ரவுட்டர் செட்டிங்கில் டிஎன்எஸ் ப்ராக்ஸி மாதிரி ஏதாவது இருந்தால் அணையுங்கள். அப்படியும் 192.0.2.1 பதில் சொன்னால் மறிப்பது வெளியே. அப்போது கேள்விகளை டிஎல்எஸ் (மறையாக்கம்) வழியாக, 853-ஆம் போர்ட்டில் ஒரு பொது ரிசால்வருக்கு ஃபார்வர்ட் செய்வதுதான் வழி. ஆனால் ஃபார்வர்ட் ஆவது பொது ரிசால்வருக்கு என்பதால் #3-இல் சொன்ன ஸ்பாம்ஹாஸ் சிக்கல் வந்து நிற்கும். அவர்களிடம் டிக்யூஎஸ் என்ற சேவையில் பதிவுசெய்து திறவுச் சொல் வாங்கலாம், வீட்டு உபயோகத்துக்குக் கட்டணம் இல்லை. அந்தத் திறவோடு கேட்டால் பொது ரிசால்வர் வழியாகவும் சரியான பதில் வரும்.

#20 · பனங்கூடல்

ரவுட்டரில அணைச்சும் பதில் வருது. 853 போட்டன், இப்ப +சிடி இல்லாமலே நோஎரர். டிக்யூஎஸ்க்கு இண்டைக்கே பதியிறன். பெரிய உதவி அக்கா.

#21 · வைகைலினக்ஸ்

நொய்யல்கரை, ஓவர்லேயைத் திரும்பப் போடுவதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அன்பவுண்ட் ரூட்டை நம்புவது ரூட்.கீ என்ற ஃபைலில் உள்ள திறவை வைத்து. 2018 அக்டோபர் 11 முதல் ரூட்டில் கையொப்பமிடுவது 20326 என்ற எண்ணுள்ள திறவு. அதற்கு அடுத்தது 38696. அது ரூட்டில் வெளிவந்தது 2025 ஜனவரி 11, கையொப்பமிடத் தொடங்குவதாகத் திட்டமிட்டிருப்பது 2026 அக்டோபர் 11. உங்கள் கார்டு உறைந்து நிற்பது ஜனவரி 5-இல்.

சாதாரணமாக அன்பவுண்ட் புதிய திறவைக் கண்டதும் 30 நாள் கவனித்துவிட்டுத் தானே ரூட்.கீ-யில் சேர்த்துக்கொள்ளும். ஓவர்லேயில் அந்தச் சேர்க்கை ராமோடு போய்விடும். ஒவ்வொரு ரீபூட்டுக்குப் பிறகும் 30 நாள் கணக்கு முதலிலிருந்து. மாற்றம் வந்த பிறகு ஒரு தடவை கரண்ட் போனால், நேரம் சரியாக இருந்தாலும் இதே செர்வ்ஃபெயில்தான் வந்து நிற்கும். ரூட் திறவுகள் அடங்கிய டிஎன்எஸ்-ரூட்-டேட்டா பொதியைப் புதுப்பித்தால் சரியாகிவிடும்.

#22 · நொய்யல்கரை

வைகை சார், ஓவர்லேயை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ரூட்.கீ-யில் 20326 மட்டும்தான் இருந்தது. பொதியைப் புதுப்பித்து அன்பவுண்டை ரீஸ்டார்ட் செய்ததும் 38696-ம் வந்துவிட்டது.

மினி பிசியில் குரோனி போட்டாகிவிட்டது. ஓவர்லேயைத் திரும்பப் போட்டு, ரவுட்டரிலிருந்து வெளியே போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, பையின் கரண்டையும் பிடுங்கி மாட்டிப் பார்த்தேன். கிளம்பும்போது பழைய நேரம், சில நொடிகளில் மினி பிசியிடமிருந்து சரியான நேரம் வந்துவிட்டது. ஒயரை மாட்டியதும் முதல் டிக்கிலேயே நோஎரர்.

நேற்றிலிருந்து தேங்கியிருந்த மெயில்களும் வந்துகொண்டிருக்கின்றன, அப்பாவுடையதும் வந்துவிட்டது. கணினிக்காரி மேடம், வைகை சார், தபால்வண்டி சார், மூவருக்கும் நன்றி. டிஎஸ்3231-ம் ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்ததும் 3.3 வோல்ட் பின்னில்தான் மாட்டுவேன்.